மூவர் றொக் குழு தொடங்குவது எப்படி? வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசிகளுக்கான கையேடு

மூன்று பேர் கொண்ட றொக் குழு ஒன்றைத் தொடங்க முதலில் நான்கு பேர் வேண்டும். கொழும்பில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் விதி விதிதான். நால்வரில் ஒருவர் ஐ.ஈ.எல்.ரீ.எஸ். வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பார். "சும்மா போறன் மச்சான், ஒரு சேர்ட்டிபிக்கற் கையில கிடக்கட்டும்" என்பார். உங்கள் இரண்டாவது பாட்டு முழுமையடைவதற்குள் அவர் கனடாவின் ஸ்காபரோவில் வாசலில் விழுந்த பனியை அள்ளிக்கொண்டிருப்பார். ஆகவே நால்வருடன் தொடங்குங்கள், மூவர் தானாக மிஞ்சுவார்கள். ஐவருடன் தொடங்கினால் இன்னும் பாதுகாப்புத்தானே என்று கணக்குப் போட வேண்டாம். ஐந்து பேர் சேர்ந்தால் கீபோர்ட் வந்துவிடும். கீபோர்ட் வந்தால் கலியாண வீட்டு ஓடர் வரும். ஓடர் வந்தால் வருமானம் வரும். பிறகு றொக் எங்கே வரப்போகிறது?

மூவர் என்பதைப் பஞ்சத்துக்குச் சேர்ந்த எண்ணிக்கை என்று வீட்டில் யாராவது ஏளனம் செய்தால் 1966ஆம் ஆண்டைச் சொல்லுங்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதியில் லண்டனில் எரிக் கிளாப்டன், ஜாக் புரூஸ், ஜிஞ்சர் பேக்கர் மூவரும் சேர்ந்து 'கிரீம்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். செப்டெம்பர் மாதம் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்காவிலிருந்து அதே ஊரில் வந்து இறங்கினார். சில வாரங்களில் அவருக்கும் ஒரு மூவர் குழு அமைந்துவிட்டது. றொக் இசையில் மூன்று பேர் போதும் என்பதை அந்த ஒரே ஆண்டு முடிவுசெய்துவிட்டது. வீட்டில் உள்ளவர்கள் இதைக் கேட்டும் அசைய மாட்டார்கள். "அவங்கள் வெள்ளைக்காரர், உனக்கு ஏ.எல். வருது" என்பார்கள். ஹென்ட்ரிக்ஸ் கறுப்பர் என்று திருத்தப் போகாதீர்கள், பேச்சு வேறு பக்கம் திரும்பி இரவுச் சாப்பாட்டில் போய் முடியும்.

ஆள் பிடித்தல்

கிற்றார்காரரை வெள்ளவத்தையில் தேடுங்கள். ஹம்டன் லேனிலோ பொஸ்வெல் பிளேசிலோ ஒரு தொடர்மாடியின் கீழே நின்று காதைக் கொடுத்தால் போதும், மூன்றாம் மாடியில் யாரோ ஒரே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பார். மேலே ஏறிப் போனால் மண்டபச் சுவரில் இரண்டு சான்றிதழ்கள் தொங்கும். ஒன்று வட இலங்கைச் சங்கீத சபையின் வாய்ப்பாட்டுப் பரீட்சை. மற்றது லண்டனிலிருந்து வரும் கிற்றார் பரீட்சை. முதலாவது அம்மாவின் ஆசை, இரண்டாவது அப்பா செய்துவைத்த சமரசம். இரண்டையும் இடைநடுவில் விட்டவர்தான் உங்களுக்கு வேண்டியவர். எல்லாத் தரமும் சித்தியடைந்தவரைக் கிட்ட எடுக்காதீர்கள். அவர் பிழை விட மாட்டார். பிழையே விடாத ஒருவரோடு இருந்து புது ஓசை ஒன்றைக் கண்டுபிடித்தவர்கள் குறைவு.

ட்ரம்ஸ்காரர் கொட்டாஞ்சேனையில்தான் இருக்கிறார். புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் தெரியும் தூரத்துக்குள் எந்த ஒழுங்கையிலும் விசாரிக்கலாம். கோயில் பாடகர் குழுவில் தொடங்கி, ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாக் கூட்டத்துக்குள் வளர்ந்து, மாமன் மச்சான் கலியாணங்களில் பைலாவுக்கு அடித்துப் பழகியவராக இருப்பார். ஆறு எட்டுத் தாளம் அவருடைய மணிக்கட்டுக்குள் குடியிருக்கும். நீங்கள் நாலு நாலாக எண்ணி ஒரு கனமான றொக் பாட்டைத் தொடங்குவீர்கள். எட்டாவது அடியில் அவர் கை தன்பாட்டில் பைலாவுக்குத் தாவும். "சொறி மச்சான், பழக்கதோசம்" என்பார். மன்னியுங்கள், ஆனால் திருத்தாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பேஸ் கிற்றார் வாசிப்பவரைத் தேடிக் காலத்தை வீணாக்காதீர்கள். அப்படி ஒரு ஆள் கொழும்பில் மட்டுமல்ல, உலகத்தில் எங்குமே கிடையாது. கிற்றார் வாசிக்க வந்து இடம் கிடைக்காமல் போனவர்தான் பேஸ்காரர் ஆகிறார். நோயல் ரெடிங் லண்டனில் 'அனிமல்ஸ்' குழுவுக்குக் கிற்றார்காரராகச் சேரலாம் என்று தேர்வுக்குப் போனார். அவருடைய கையில் பேஸைக் கொடுத்து ஹென்ட்ரிக்ஸுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்கள். பீட்டில்ஸில் பேஸ் வாசித்த நண்பர் 1961இல் விலகியபோது அதைத் தூக்கவேண்டி வந்தவர் போல் மக்கார்ட்னி. கலிபோர்னியாவின் சான் பெட்ரோத் துறைமுகத்து 'மினிட்மென்' குழுவின் கதை இன்னும் விசேஷம். டி. பூனும் மைக் வாட்டும் பதின்ம வயது நண்பர்கள். மகன் கிற்றார், கூட்டாளி பேஸ் என்று முடிவெடுத்தவர் பூனின் தாய். பேஸ் என்பது வேறொரு வாத்தியம் என்பதே வாட்டுக்கு அப்போது தெரியாது. சாதாரணக் கிற்றாரில் நாலு கம்பியை மட்டும் பூட்டி வாசித்துக்கொண்டிருந்தார்.

தாய்மார் நியமிக்கும் முறை நம்மூரில் இன்னும் இலகுவானது. ட்ரம்ஸ்காரர் ஒத்திகைக்குப் போய் இரவு பதினொரு மணிக்கு வருகிறார் என்று கண்டதும் அம்மா கூடவே தங்கையை அனுப்புவார். "அண்ணா யாரோட சேருறான் எண்டு பாத்துக்கொண்டு வா" என்பது உத்தரவு. தங்கை ஒரு மூலையில் இருந்து போனைப் பார்ப்பார். மூன்றாம் கிழமை போன் சார்ஜ் இறங்கும். சும்மா கிடக்கும் பேஸை எடுத்து மடியில் வைப்பார். நாலாம் கிழமை உங்களில் அவர்தான் காலப்பிரமாணம் தவறாதவர் என்பது தெரிந்துவிடும். அம்மாவுக்கு மாதம் ஒருமுறை அறிக்கை போய்க்கொண்டிருக்கும், அதையும் குழுச் செலவாகக் கருதிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு ட்ரம்ஸ்காரர் வந்து யாரை எடுப்பது என்று தெரியாமல் போனால் நாணயம் சுண்டுங்கள். ஹென்ட்ரிக்ஸ் குழுவில் மிட்ச் மிட்செலா, எயின்ஸ்லி டன்பாரா என்ற கேள்வி அப்படித்தான் தீர்ந்தது என்று சொல்வார்கள். மூவரும் நல்ல நண்பர்களாக இருக்கவேண்டும் என்ற கவலையும் வேண்டாம். கிரீமில் புரூஸும் பேக்கரும் பழைய பகையாளிகள். புரூஸைச் சேர்க்காவிட்டால் நான் வரமாட்டேன் என்று கிளாப்டன் சொன்னதால் பேக்கர் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தார். 1968 நவம்பரில் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் பிரியாவிடை நிகழ்ச்சி நடத்திப் பிரிந்துவிட்டார்கள். இரண்டரை ஆண்டுதான், ஆனால் அந்த இரண்டரை ஆண்டில் செய்யவேண்டியதைச் செய்துவிட்டார்கள். மறுபக்கத்தில் டெக்சாஸின் 'ஸீ ஸீ டொப்' மூவர் ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆள் மாறாமல் இருந்தார்கள், 2021இல் டஸ்ரி ஹில் இறக்கும் வரைக்கும். அந்தக் குழுவில் இருவருக்கு நெஞ்சைத் தொடும் தாடி. நீண்ட தாடி வளர்க்காத மூன்றாமவரின் குடும்பப் பெயர் பியர்ட், அதாவது தாடி. ஒற்றுமைக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியாது.

இடம், அயல், பொலிஸ்

இனி ஒத்திகை. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒத்திகை செய்யலாம் என்று நினைப்பவர்கள் பௌதிகவியலைக் கொஞ்சம் படிக்கவேண்டும். பேஸின் கடைசித் தடித்த கம்பி நொடிக்கு 41 தடவை அளவில் அதிர்கிறது. அந்த ஓசை அலையின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். உங்கள் அறையின் நீளம் மூன்று மீற்றர். அந்த அலை அறைக்குள் இருந்து என்ன செய்யும்? கொங்கிறீற்றுக்குள் இறங்கி, தூண் வழியாகப் போய், இரண்டாம் மாடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் அங்கிளின் நாற்காலிக்கால் வரைக்கும் செல்லும். அவருக்கு உங்கள் பாட்டு கேட்காது, கிற்றார் கேட்காது, டங்கு டங்கு என்பது மட்டும் கேட்கும். "தம்பி, உங்கட வீட்டில ஆரும் மா இடிக்கிறீங்களோ?" என்று மிக மரியாதையாகத்தான் கேட்பார். மறுநாள் லிப்டுக்குள் முகாமைத்துவக் குழுவின் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கும்.

சுவரில் முட்டைத் தட்டு ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று எல்லோரும் சொல்வார்கள். உள்ளே எதிரொலி கொஞ்சம் மாறலாம், வெளியே போவது போய்க்கொண்டுதான் இருக்கும். முட்டைத் தட்டினால் நிச்சயமாக வரும் ஒரே பயன் கரப்பான்பூச்சி. அதோடு அது ஏ.எல். பிள்ளைகளின் ஊர். எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு பரீட்சைக்கு ஆறு கிழமை இருக்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையின் 'ஸற் ஸ்கோர்' குறைந்தால் ஆயுள் முழுவதும் அந்தப் பழி உங்கள் தலையில்.

ஆகவே ஒத்திகையைக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோங்கள். ஜம்பட்டா வீதிப் பக்கத்து வீடுகள் ஒன்றோடொன்று சுவர் பகிர்ந்து நிற்பவை. கேட்டால் ஆபத்து என்று தோன்றும், ஆனால் அங்கே யாரும் அமைதியை எதிர்பார்த்துக் குடிவந்தவர்கள் அல்லர். ஒரு பக்கம் மணியோசை, மறுபக்கம் பொன்னம்பலவாணேஸ்வரத்து நாதஸ்வரம், துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறி, கிரிக்கெற் போட்டிக்குக் கொளுத்தும் சீனவெடி. இதற்கிடையில் மூன்று பேர் கிற்றார் தட்டுவது யாருக்கும் பெரிய விஷயமல்ல. ஜன்னலால் எட்டிப்பார்க்கும் அன்ரி, சத்தத்தைக் குறை என்று சொல்ல மாட்டார், "உந்தப் பாட்டு வேண்டாம், நல்லதா ஒண்டு போடுங்கோ" என்பார். கலை விமர்சனம் என்றால் அது. காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஒலிபெருக்கி வெளியே வைக்கும் யோசனை இருந்தால் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கக்கூடாது என்று உத்தரவிட்டது. வெலிகமவில் ஒரு பள்ளிவாசல் ஒலிபெருக்கி பற்றி எழுந்த வழக்கு அது. றொக் குழுக்களை நீதியரசர்கள் நினைத்திருக்கவே மாட்டார்கள், ஆனாலும் உங்களையும் கட்டும்.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை பத்துக் கிலோமீற்றர் அளவு. காலி வீதியில் 100 அல்லது 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டை, அங்கிருந்து இன்னொரு பஸ். கிற்றார் உறைக்குத் தனி டிக்கெற் எடுக்கச் சொல்லும் கொண்டக்டரிடம் வாதாட வேண்டாம். கரையோர ரயிலில் கோட்டைக்குப் போனால் கடலைப் பார்க்கலாம், ஆனால் கந்தோர் நேரத்து ரயிலில் பார்க்கக் கிடைப்பது முன்னால் நிற்பவரின் முதுகு.

இந்தப் பாதையைப் பற்றி ஒரு இடைக்குறிப்பு. யுத்த காலத்தில் இந்தக் கையேட்டை எழுதியிருந்தால் முதல் அறிவுரை இசையைப் பற்றியதாக இருந்திராது. அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் கிற்றார் உறையின் வெளிப் பையில் வையுங்கள், சோதனைச் சாவடியில் உறையைத் திறக்கச் சொன்னால் மெதுவாகத் திறவுங்கள் என்று எழுதியிருப்பேன். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 376 பேர் என்பது அப்போது வெளிவந்த கணக்கு. மறுநாளே உயர் நீதிமன்றம் இதை நிறுத்தச் சொன்னது. நம்முடைய இரண்டு பேட்டைகளும் ஒரே பட்டியலில் வந்த நாள் அது. அந்தத் தலைமுறையில் இரவு ஒத்திகைக்கு ஆள் சேர்ப்பது எப்படி என்று யாரும் கையேடு கேட்கவில்லை. இப்போது பஸ் கொண்டக்டரோடு மட்டும் வாதாடுகிறீர்கள் என்றால் அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

ஓசையைக் கண்டுபிடித்தல்

இந்தப் பகுதிக்காகத்தான் பலரும் கையேட்டைத் திறந்திருப்பீர்கள். கடையில் போய் எந்த 'பெடல்' வாங்கினால் நமக்கென்று ஒரு ஓசை வரும் என்று கேட்பீர்கள். 2022இல் டொலர் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரைக்கும் ஏறிய பிறகு அந்தக் கேள்வியை யாரும் உரத்துக் கேட்பதில்லை. நல்லதாகப் போயிற்று. உங்கள் ஓசை எங்கும் விற்பனைக்கு இல்லை. உங்களிடம் இல்லாதது எது, உங்களால் முடியாதது எது என்று ஒரு பட்டியல் போட்டு அதை வாசிக்கத் தொடங்குங்கள், அதுதான் ஓசை.

ட்ரம்ஸிலிருந்து தொடங்குவோம். முழு ட்ரம்ஸ் செற்றை 101இல் ஏற்ற முடியாது, ஆட்டோ பிடித்தால் மாதச் சம்பளம் போகும். ஆகவே ஒரு ஸ்நெயர், ஒரு சிம்பல், மிச்சத்துக்கு மேலே ஏறியிருந்து தட்டும் கஹோன் என்ற மரப்பெட்டி. இந்தப் பெட்டி பெரு நாட்டில் ஆபிரிக்க அடிமைகளிடமிருந்து வந்தது. அவர்களுடைய இசையில் ஆறு எட்டுத் தாளம் நிறைய. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் ஆட்டத்திலும் போர்த்துக்கேயப் பாட்டிலும் இருந்து பிறந்ததுதான் நம்முடைய பைலா. பெட்டி பெருவிலிருந்து, தாளம் கொட்டாஞ்சேனையிலிருந்து, இரண்டும் ஒரே கண்டத்து மூதாதையரைக் கொண்டவை. ட்ரம்ஸ்காரரின் பழக்கதோசத்தைத் திருத்த வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். கனமான கிற்றாருக்குக் கீழே பைலா நடை மெதுவாக, பாதி வேகத்தில் போனால் என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆட வந்தவர்கள் குழம்பிப்போய் நின்று கேட்பார்கள்.

பேஸுக்கு வருவோம். மெரைன் டிரைவ் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் கம்பி கறுத்துத் துருப்பிடித்துவிடும். புதுக் கம்பியின் பளிச்சென்ற ஓசை போய் மந்தமான ஒரு தட்டல்தான் மிஞ்சும். கவலைப்படாதீர்கள். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பாட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார் என்பது இசைக்காரர் எல்லோரும் சொல்லும் செய்தி. அவர் விருப்பத்தால் செய்ததை உங்களுக்குக் கடல் இலவசமாகச் செய்து தருகிறது.

கிற்றாருக்கு ஒரு பாடம் மீண்டும் மினிட்மென்னிடமிருந்து. பூன் தன்னுடைய கிற்றாரின் கீழ் ஓசையை முழுவதும் குறைத்து, கூர்மையான மேல் ஓசையை மட்டும் விட்டுவைத்தார். பேஸுக்கும் ட்ரம்ஸுக்கும் இடம் வேண்டும், குழுவில் யாரும் யாருக்கும் மேலே இல்லை என்பது அவருடைய கொள்கை. அரசியலை அம்பிளிபயரின் குமிழில் காட்டிய மனிதர். 1984இல் அவர்கள் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட பாட்டுகள். அடுத்த ஆண்டு டிசெம்பரில் ஒரு வீதி விபத்தில் பூன் இறந்தார், குழுவும் அத்தோடு முடிந்தது. மூவர் குழுவில் ஒருவருக்குப் பதிலாள் கிடையாது என்பதை இதைவிடக் கொடுமையாகச் சொல்ல முடியாது.

எதிர்த்திசையில் போனவர்கள் ரொறன்ரோவின் 'ரஷ்'. கெடி லீ பாடுவார், பேஸ் வாசிப்பார், கீபோர்ட் வாசிப்பார், காலால் இன்னொரு வாத்தியத்தின் கட்டைகளை மிதிப்பார். மூவராக நின்று அறுவரின் வேலை. வியக்கலாம், பின்பற்றக் கூடாது என்பது என்னுடைய தீர்ப்பு. நான்காவது ஆள் ஸ்காபரோவுக்குப் போனதால் உண்டான ஓட்டையை எதையாவது போட்டு அடைக்கத்தான் முதலில் மனம் சொல்லும். லப்டொப்பில் வயலின், பின்னணிக் குரல், ஏதாவது. அடைக்காதீர்கள். 'பொலிஸ்' என்ற மூவர் குழு (நம்முடைய பொலிஸ் அல்ல, 1977இல் லண்டனில் தொடங்கியது) பெரும் புகழ் பெற்றது அந்த ஓட்டையைத் திறந்தபடி விட்டதால்தான். றெகே நடையில் கிற்றார் ஒரு வெட்டு வெட்டிவிட்டு ஓய்ந்திருக்கும், அந்த ஓய்வுக்குள் பேஸ் பேசும். 'றொக்ஸான்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு பியானோ அபசுரமும் சிரிப்பும் கேட்கும். ஸ்டிங் தெரியாமல் பியானோக் கட்டைகளின் மேல் உட்கார்ந்ததால் வந்தது. வெட்டி எறியாமல் அப்படியே இசைத்தட்டில் விட்டார்கள்.

கறண்டும் உங்களுக்கு ஒரு ஆசிரியர். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். அம்பிளிபயர் இல்லாமல் ஒரு பாட்டு நிற்குமா என்று பார்ப்பதற்கு அந்த இருட்டைப் போல் பரீட்சை மண்டபம் கிடைக்காது. இருட்டில் நிற்காத பாட்டு வெளிச்சத்திலும் நிற்காது, சத்தத்தில் ஒளிந்திருக்கும்.

குரலைப் பற்றி. வாய்ப்பாட்டுப் பரீட்சையை இடைநடுவில் விட்ட கிற்றார்காரர்தான் பாடப்போகிறார். அவர் கம்பியை வளைக்கும்போது தெரியாமலே கமகம் விழும். விழட்டும். ஆனால் பாடத் தொடங்கியதும் சென்னைச் சினிமாத் தமிழோ அமெரிக்க றொக் ஆங்கிலமோ வாயில் வரும். நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் கேட்கச் சொல்லுங்கள். 1960களின் பிற்பகுதியிலும் 70களிலும் இலங்கைத் தமிழ்ப் பொப்பிசை என்று ஒன்று பிறந்தது இவர்களைப் போன்றவர்களால்தான். நித்தியின் 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்து முற்றத்தில் கதைக்கும் தமிழை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தது. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களமும் தமிழும் கலந்து, மீன் வாசத்தோடு கடல் தாண்டியது. 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள்ளும் புகுந்தது. அவர்கள் இருவரும் இந்தியப் பாட்டுக்காரரைப் போலப் பாட முயலவில்லை. கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கும்போது உங்கள் வாயில் எந்தத் தமிழ் வருகிறதோ, அந்தத் தமிழில் எழுதுங்கள். கொழும்பில் அதற்குள் பாதிச் சிங்களமும் கால் ஆங்கிலமும் இருக்கும். எடுத்துவிடாதீர்கள்.

காசு

வராது.

ஆனால் செலவுக்கு ஒரு வழி உண்டு. நிர்வாணா குழுவின் முதல் இசைத்தொகுப்பு 'பிளீச்' 1989இல் வெளிவந்தது. ஒலிப்பதிவுக்கு ஆன செலவு 606 டொலர் 17 சதம். அந்தக் காசைக் கொடுத்தவர் ஜேசன் எவர்மன். அவர் அந்த ஒலிப்பதிவில் ஒரு சுரம்கூட வாசிக்கவில்லை. ஆனாலும் அட்டையில் கிற்றார்காரர் என்று அவருடைய பெயர் இருக்கிறது, படமும் இருக்கிறது. இங்கேதான் உங்களுடைய ஸ்காபரோ நண்பர் மீண்டும் கதைக்குள் வருகிறார். குளிர்காலத்தில், இரவு வேலை முடிந்து வந்து, பழைய ஒத்திகை வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அழையுங்கள். அட்டையில் பெயர் போடுகிறோம் என்று சொல்லுங்கள். அவர் அனுப்புவார். வாசிக்க வருகிறேன் என்று மட்டும் சொல்லவிடாதீர்கள்.

பெயரும் மேடையும்

ராகம், சுருதி, லயம், தாளம் எல்லாம் கலியாண வீட்டுக் குழுக்களுக்குப் போய்விட்டன. எரிமலை, புயல் போன்றவை வேண்டாம், இந்த நாட்டில் உறுமும் தமிழ்ப் பெயர்களுக்கு விளக்கம் சொல்லவேண்டி வரும். அந்தக் காலத்தில் ஜெட்லைனர்ஸ், மூன்ஸ்டோன்ஸ், ஜிப்சீஸ் என்று யாரையும் உறுத்தாத பெயர் வைத்துக்கொண்டு பெரிய வேலை செய்தார்கள். மூன்ஸ்டோன்ஸில் இருந்த கிளாரன்ஸ் விஜேவர்தன எலெக்ரிக் கிற்றாரைச் சிங்களப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் என்று இன்றும் பேசப்படுகிறார். 1999இல் கொழும்பில் தொடங்கிய 'ஸ்டிக்மாட்டா' ஆங்கிலத்தில் கனமான மெற்றல் வாசித்துக்கொண்டு கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. இந்த ஊரில் சத்தமான இசைக்கு ஆயுள் இல்லை என்று யாராவது சொன்னால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள். தமிழில் அப்படி ஒரு நீண்ட வரிசை இல்லை. அதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. கேட்கும் காதுகளை எப்போதும் தென்னிந்தியச் சினிமா முன்பதிவு செய்துவிடுகிறது, வாசிக்கும் கைகளை விமான நிலையம் எடுத்துக்கொள்கிறது. மனோகரனே சென்னையில்தான் 2018இல் காலமானார். நித்தி அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

பம்பலப்பிட்டியில் சரஸ்வதி மண்டபமோ கதிரேசன் மண்டபமோ கிடைத்தால் முன்வரிசையை உறவினருக்கு ஒதுக்காதீர்கள். அவர்கள் பாட்டைக் கேட்க மாட்டார்கள், நீங்கள் மெலிந்துபோனதைப் பற்றிக் கதைப்பார்கள். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கட்டாயம் எழும்: "தம்பி, சுராங்கனி போடும்!" கோபப்பட வேண்டாம். அந்தக் கோரிக்கையை மறுத்த குழு இந்தத் தீவில் உயிர்வாழ்ந்ததில்லை. போடுங்கள், ஆனால் உங்களுடைய அந்தப் பாதி வேகத்தில், துருப்பிடித்த பேஸோடு, பெட்டித் தாளத்தோடு போடுங்கள். முதல் இருபது நொடிக்கு மண்டபம் விழிக்கும். பிறகு யாராவது ஒருவர் காலைத் தட்டத் தொடங்குவார். அந்த நிமிடம்தான் உங்கள் குழு பிறந்த நேரம், சாதகம் எழுத விரும்பும் அம்மாமார் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, குழு தொடங்கும் எண்ணமே இல்லாமல் இவ்வளவு தூரம் வாசித்துவிட்ட மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஒழுங்கையில் மூன்று பிள்ளைகள் டங்கு டங்கு என்று தட்டினால் இரவு பத்து மணி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் மண்டபம் எடுத்து நிகழ்ச்சி வைத்தால் போங்கள். தெரிந்த பிள்ளைகள்தானே என்று இலவச அனுமதி கேட்காமல் டிக்கெற் வாங்கிக்கொண்டு போங்கள். சொந்தக்காரர் என்றால் இரண்டாக வாங்குங்கள்.